வர்ஜீனியா என்பது பெண் இல்லை, புகையிலை

கேள்வி இதுதான்: "ராக்ஸி மியூசிக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் சிங்கிள் (தனிப் பாட்டாக விற்கும் சிறு இசைத்தட்டு) 'வர்ஜீனியா பிளெய்ன்' என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பழைய பிரிட்டிஷ் இசைத்தட்டில் அந்தப் பாட்டே இல்லை. பாட்டில் பல்லவி என்று ஒன்றும் இல்லை. தலைப்பும் கடைசியில்தான் வருகிறது. இப்படி ஒரு பாட்டு 1972இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை எப்படிப் போனது? யார் இந்த வர்ஜீனியா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

வர்ஜீனியா பெண் இல்லை. அமெரிக்க மாநிலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு புகையிலை வகை. 'பிளெய்ன்' என்றால் என்ன என்று நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்: ஃபில்டர் இல்லாதது. ஆக, தலைப்பை நேராகத் தமிழில் சொன்னால் 'பஞ்சு வைக்காத வர்ஜீனியா சிகரெட்'. காதில் விழும்போது மட்டும் அது ஒரு பெண்ணின் பெயராகக் கேட்கிறது. பாட்டை எழுதிப் பாடிய பிரையன் ஃபெர்ரிக்கு இந்த ஏமாற்றுதான் வேண்டியிருந்தது.

இந்தப் பெயர் முதலில் பாட்டுக்கு வைத்ததில்லை, ஓவியத்துக்கு வைத்தது. 1964இல் ஃபெர்ரி நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்த புதிது. ஒரு பெரிய சிகரெட் பாக்கெட், அதன் மேல் காலண்டர் அழகி மாதிரி ஒரு பெண். இப்படி ஒரு படம் வரைந்து அதற்கு 'வர்ஜீனியா பிளெய்ன்' என்று பெயர் வைத்தார். சிகரெட் விளம்பரம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அப்போது வந்துகொண்டிருந்தது; 1965இல்தான் தடை செய்தார்கள். ஓவியம் பாட்டாக மாற எட்டு வருடம் ஆனது.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹாமில்டன். பிரிட்டனில் பாப் ஆர்ட் (விளம்பரம், பத்திரிகை, கடைச்சரக்கு இவற்றையே கலையாக்கும் பாணி) என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. 1956இல் அவர் செய்த ஒட்டுப்படம் ஒன்று உலகப் பிரசித்தம். ஒரு வீட்டுக் கூடம். நடுவில் கட்டுமஸ்தான ஓர் ஆண், சோஃபாவில் ஒரு பெண், மேசை மேல் டின்னில் அடைத்த இறைச்சி, விளக்குக் கூட்டின் மேல் ஃபோர்டு கார் சின்னம், தரையில் ஒரு டேப் ரிக்கார்டர். பெரும்பாலும் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டியவை. அதில் பொருள்களை விற்கும் ஆசையைக் கிண்டல் செய்கிறாரா, ரசிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான்.

ஃபெர்ரியின் பாட்டும் இதே கத்தரியால் வெட்டி இதே பசையால் ஒட்டியதுதான். வரிகளை எடுத்துப் பாருங்கள். தொடக்கமே ஒப்பந்தப் பேச்சு: நேர்மையான ஒரு பேரத்தைக் கொண்டுவா, கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன், ராபர்ட் ஈ. லீயிடம் காட்டுகிறேன் என்கிறது. ராபர்ட் ஈ. லீ அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தளபதி, வர்ஜீனியாக்காரர். ஆனால் குழுவின் வழக்கறிஞருக்கும் லீ என்றுதான் பெயர். ரிக்கார்டு கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஈரம் காய்வதற்குள் ஒருவர் எழுதிய வரி இது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் சிரிப்பு வரும். முதல் சிங்கிளின் முதல் வரியில், "இந்த சிங்கிளைப் போடுவதற்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கிறார் மனிதர்.

அப்புறம் பேபி ஜேன் வருகிறார். அமெரிக்க பாப் ஆர்ட் கலைஞர் ஆண்டி வார்ஹோலின் திரைப்படங்களில் வந்த நியூயார்க் சீமாட்டி ஜேன் ஹோல்சர். சிங்கப் பிடரி மாதிரி சீவிவிட்ட அவருடைய முடியையும் பாட்டு விடவில்லை. மெக்சிகோவின் அகபுல்கோ வருகிறது. ரியோவுக்குப் பறந்து போகிறோம் என்று ஒரு வரி. அது ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த 1933ஆம் வருடப் படத்தின் தலைப்பு. டிரைவ் இன் தியேட்டர் வருகிறது, சூதாட்ட விடுதி வருகிறது. கடைசியில் பாலைவனத்தை நோக்கிப் போகும் ஸ்டூடிபேக்கர் கார். அந்த நிறுவனம் 1966இலேயே கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதாவது இந்தக் கனவில் வரும் காரைக் கடையில் போய்க் கேட்டாலும் கிடைக்காது.

இது அமெரிக்காவைப் பற்றிய பாட்டு என்பதைவிட, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு சினிமாவிலும் பத்திரிகையிலும் பார்த்த அமெரிக்காவைப் பற்றிய பாட்டு என்பேன். ஃபெர்ரியின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குட்டைக் குதிரைகளைப் பராமரித்தவர். ஊர், அன்றைக்கு டர்ஹம் கவுன்டியில் இருந்த வாஷிங்டன். ஆமாம், அதே வாஷிங்டன்தான்: ஜார்ஜ் வாஷிங்டனின் மூதாதையர் குடும்பம் தன் பெயரை எடுத்துக்கொண்ட ஊர். அந்த ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது வர்ஜீனியாவில். இதை ஃபெர்ரி யோசித்து எழுதினாரா என்றெல்லாம் நான் இழுக்கப் போவதில்லை. எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பல்லவிக்கு வருவோம். நம் சினிமாப் பாட்டில் முதல் வரியே பெரும்பாலும் பாட்டின் பெயர். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் திரும்பி வந்து அதே பெயரைச் சொல்லி, நாலு தடவையாவது காதில் ஏற்றிவிடுவார்கள். பிரிட்டிஷ் பாப் பாட்டிலும் கோரஸ் செய்வது இதைத்தான். 'வர்ஜீனியா பிளெய்ன்' ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. அதில் திரும்பி வரும் வரியே இல்லை. சரணம், சரணம், நடுவில் கொஞ்சம் வாத்தியம், மறுபடி சரணம். போகப் போக இழுத்துக்கொண்டே போகிறது. முடியும் இடத்தில், அவள் பெயர் என்ன என்று ஒரு கேள்வி. பதிலாகத் தலைப்பு. அத்தோடு வாத்தியம் எல்லாம் கப்பென்று நிற்கிறது. பாட்டு மெல்லத் தேய்ந்து மறைவது அன்றைய வானொலி வழக்கம். இதில் கதவைச் சாத்தியது போல முடிகிறது.

இந்த அமைப்பை நாம் வேறோர் இடத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம். விளம்பரப் படத்தில்தான். கடற்கரை, கார், அழகான பெண், வேகம் என்று காட்டிக்கொண்டே போவார்கள். எதை விற்கிறார்கள் என்று தெரியாது. கடைசி இரண்டு நொடியில் பாக்கெட்டைக் காட்டிப் பெயரைச் சொல்வார்கள். ஃபெர்ரி மூன்று நிமிடமும் செய்வது அதுதான். பெண்ணைத் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறோம். கடைசியில் கையில் கிடைப்பது சிகரெட் பாக்கெட். கோரஸ் வைத்திருந்தால் இரண்டாவது தடவையிலேயே குட்டு உடைந்திருக்கும்.

ஆனால் எழுத்துச் சாமர்த்தியத்தால் மட்டும் ஒரு பாட்டு 4ஆம் இடத்துக்குப் போகாது. சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் இதை முதலில் கேட்டது நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்த கேசட்டில். தொடக்கத்தில் சத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. பதிவு சரியில்லை போல என்று வால்யூமைத் திருகி ஏற்றினேன். ஏற்றி முடித்த நொடியில் டிரம்ஸும் குரலும் முழு பலத்தோடு வந்து விழுந்தன. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். பதிவில் ஒரு கோளாறும் இல்லை, பாட்டே அப்படித்தான். அமுக்கி வைத்த ஒரு முன்னிசை, பிறகு ஒரே தாவல். காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த எத்தனை பேர் அன்றைக்கு என்னைப் போல ஏமாந்தார்களோ.

உள்ளே போனால் விசித்திரங்கள் நிறைய. ஆண்டி மக்கே சாக்ஸஃபோனோடு ஓபோவும் வாசிப்பவர். அது மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுவில் வரும் நாதஸ்வரச் சாடையுள்ள குழல், ராக் மேடையில் அதைப் பார்ப்பது அபூர்வம். ஃபெர்ரியின் பியானோ இழைவதில்லை, சுத்தியலால் தட்டுவது போல ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும். பால் தாம்சனின் டிரம்ஸ் மட்டும் எந்தக் கோணங்கித்தனமும் இல்லாமல் திடமாக அடிக்கிறது. அந்த அடி இல்லாவிட்டால் மற்றவர்களின் விளையாட்டெல்லாம் தரையில் சிதறிப் போயிருக்கும். ராக்ஸி மியூசிக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் உடையைப் பற்றிப் பத்து பத்தி எழுதிவிட்டு தாம்சனை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

அப்புறம் பிரையன் ஈனோ. அவருக்கு முன்னால் இருந்தது விசிஎஸ்3 என்ற சிந்தசைசர் (மின்னணு ஒலிக்கருவி), லண்டனில் இஎம்எஸ் நிறுவனம் 1969இல் கொண்டுவந்தது. இதற்கு பியானோ போலக் கட்டைகள் கிடையாது. திருகுகள், ஒரு குச்சி, ஒரு சதுரப் பலகையில் வரிசை வரிசையாகத் துளைகள். எந்தத் துளையில் ஊசியைச் செருகுகிறோமோ அதைப் பொறுத்து ஒலி ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மற்றவர்கள் வாசிப்பதை இதற்குள் விட்டு உருமாற்றியும் வெளியே எடுக்கலாம். ஈனோவுக்கு வாத்தியம் வாசிக்கும் பயிற்சி இல்லை, அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதும் இல்லை. இந்தப் பெட்டி முதலில் மக்கேயுடையது. டேப் ரிக்கார்டரும் அதை இயக்கும் கைப்பழக்கமும் இருக்கிறது என்பதால்தான் ஈனோ குழுவுக்குள் வந்தார். பாட்டு நெடுகக் கிழித்துக்கொண்டு, குமிழியிட்டுக்கொண்டு ஓடும் ஒலிகள் அவர் வேலை.

இனி மோட்டார் சைக்கிள். இந்த வாரத்தின் இளம் கலகக்காரன் என்று ஒரு வரி முடிகிற இடத்தில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு போகும். பழைய ஒலித்தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டியதில்லை அது. பதிவு நடந்தது லண்டன் பிக்கடில்லியில் இருந்த கமாண்ட் ஸ்டுடியோவில். மைக் ஒயரை ஸ்டுடியோவிலிருந்து மாடிப்படி வழியாக, வரவேற்பறையைத் தாண்டி, தெருவுக்கே இழுத்துக்கொண்டு போய், அங்கே நிஜமான வண்டியை முறுக்கவிட்டுப் பதிந்தார்கள். பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியே கட்டிய ஒரு பாட்டில், ஒரே ஒரு பொருள் மட்டும் தெருவிலிருந்து அசலாக வந்திருக்கிறது.

கிடார் ஃபில் மான்சனேராவுடையது. லண்டனில் பிறந்தவர், அம்மா கொலம்பியா நாட்டுக்காரர், சிறு வயதில் கியூபாவிலும் வெனிசுவேலாவிலும் வளர்ந்தவர். இந்தக் குழுவில் சேரத் தேர்வுக்குப் போய் முதலில் தோற்றார். பிறகு ஒலி கலவை பார்க்க வந்தார். 1972 பிப்ரவரியில்தான் கிடார் கைக்கு வந்தது. பாஸ் கிடார் வாசித்தது ரிக் கென்டன். முதல் ஆல்பத்தில் வாசித்த கிரஹாம் சிம்சன் அதற்குள் விலகியிருந்தார். இந்தக் குழுவில் பாஸ் வாசிப்பவருடைய நாற்காலி எப்போதும் சூடாகவே இருந்ததில்லை, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தயாரிப்பு பீட்டர் சின்ஃபீல்டு, கிங் கிரிம்சன் குழுவுக்குப் பாட்டு எழுதியவர்.

இப்போது ஆல்பம் விஷயம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை, தேதிகளை வரிசையாக வைத்தால் போதும். ஆல்பத்தைப் பதிந்தது 1972 மார்ச்சில். கடைக்கு வந்தது ஜூனில். 'வர்ஜீனியா பிளெய்ன்' பதிவானது ஜூலையில். சிங்கிளாக ஐலண்ட் நிறுவனம் வெளியிட்டது ஆகஸ்டில். ஆல்பம் விற்பனைக்குப் போன பிறகு பிறந்த பாட்டு அதற்குள் எப்படி இருக்கும்? இன்னொன்று, சிங்கிள் வேறு, ஆல்பம் வேறு என்பது அன்றைக்கு பிரிட்டனில் சாதாரணம். காசு கொடுத்து சிங்கிள் வாங்கிய பையனிடம் அதே பாட்டை ஆல்பத்திலும் இரண்டாம் முறை விற்பது அவ்வளவு கௌரவமான காரியமாகக் கருதப்படவில்லை. அடுத்த வருடம் வந்த 'பைஜாமராமா' சிங்கிளையும் இப்படித்தான் ஆல்பத்துக்கு வெளியே விட்டார்கள். அமெரிக்காவில் ரீபிரைஸ் நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டபோது பாட்டை முதல் பக்கத்தில் செருகியது. பின்னால் வந்த குறுந்தகடுகளும் அதையே பின்பற்றியதால், இப்போது கேட்பவர்களுக்கு அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தது போலத் தோன்றுகிறது.

இவ்வளவு வினோதமான பாட்டு எப்படி விற்றது என்றால், பாதி காரணம் காலம். மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழு 1971இலேயே கன்னத்தில் மினுக்குத் தூளோடு தொலைக்காட்சியில் வந்துவிட்டது. 1972 ஜூலையில் டேவிட் போவி பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் 'ஸ்டார்மேன்' பாடி, அடுத்த நாள் பள்ளிக்கூடங்களில் எல்லாம் அதே பேச்சு. ஸ்லேட், ஸ்வீட் போன்ற குழுக்கள் எல்லாம் வரிசையில் நின்றன. ஆகஸ்டில் ராக்ஸி மியூசிக் அதே மேடைக்கு வந்தபோது கண் மை போட்ட ஆண்கள் என்பது புதுமையாக இல்லை. ஆனால் இவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி. மினுக்குச் சட்டையில் ஃபெர்ரி, பியானோவுக்குப் பின்னாலிருந்து கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தபடி. வெள்ளிநிறக் கையுறை போட்ட ஒரு கை சிந்தசைசரின் திருகைத் திருப்புவதை கேமரா கிட்டத்தில் காட்டும், அது ஈனோ. ஆறு பேரும் ஆறு வேறு சினிமாவிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அவர்களுடைய தோற்றத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆன்டனி பிரைஸ் என்ற உடை வடிவமைப்பாளர்.

எல்லோரும் கைதட்டவில்லை. பிபிசியின் 'ஓல்டு கிரே விசில் டெஸ்ட்' நிகழ்ச்சியை நடத்திய பாப் ஹாரிஸ் தனக்கு இவர்களைப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்கவே இல்லை. வருடக்கணக்கில் வேனில் ஊர் ஊராகப் போய்ச் சின்ன அரங்குகளில் வாசித்துப் படிப்படியாக மேலே வருவதுதான் யோக்கியமான வழி என்று நினைத்தவர்கள் அன்றைக்கு நிறைய. அவர்களுக்கு, ஓவியக் கல்லூரியிலிருந்து நேரே வந்து மேக்கப்போடு நிற்கும் இந்தக் கூட்டம் உறுத்தியது. ஃபெர்ரி அதற்கு முன் லண்டன் பள்ளி ஒன்றில் மண்பாண்டக் கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் என்பது அந்த உறுத்தலைக் குறைத்திருக்காது.

இவர்களைக் கிளாம் ராக் (மினுக்கு உடையும் மேக்கப்புமாக வந்த அன்றைய ராக்) பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் சேர்ப்பேன். ஆனால் ஒரு திருத்தத்தோடு. ஸ்லேட் குழுவின் மினுக்கு கொண்டாட்டத்துக்கு. கூட்டத்தோடு சேர்ந்து காலைத் தட்டிக் கத்துவதற்கு. ராக்ஸியின் மினுக்கு ஷோரூம் கண்ணாடியில் தெரியும் மினுக்கு. ஆசையும் வருகிறது, விலைச்சீட்டும் தெரிகிறது. ஹாமில்டனின் வகுப்பறையிலிருந்து நேராக டாப் 10க்குள் வந்த வேறு பாட்டு எனக்கு ஞாபகம் இல்லை.

மறுபக்கத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. சிங்கிளின் பின்பக்கத்தில் 'த நம்பரர்' என்ற வாத்திய இசை, எழுதியவர் மக்கே. முன்பக்கப் பாட்டுக்காகத்தான் எல்லோரும் தட்டை வாங்குவார்கள், ஆனால் விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்பக்கம் எழுதியவருக்கும் சமமான பங்கு போகும். முன்பக்கம் பெரும்பாலும் ஃபெர்ரி எழுதியதாகவே இருந்த ஒரு குழுவில், மற்றவர்களுக்கும் நாலு காசு பார்க்க இது ஒரு வழி. அதன்பிறகு வந்த சிங்கிள்களிலும் பின்பக்கத்தில் மக்கே பெயரையும் மான்சனேரா பெயரையும் பார்க்கலாம். பேரம் பேசித் தொடங்கிய பாட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு பேரமும் இருந்தது.

இந்த ஆறு பேர் கூட்டணி நீடிக்கவில்லை. கென்டன் சில மாதங்களில் போனார். ஈனோ 1973இல், இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு விலகினார். பாட்டு மட்டும் 1977இல் மறுபடி சிங்கிளாக வந்து, பங்க் என்ற முரட்டு ராக் இசையின் புயல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் 11ஆம் இடம் வரை ஏறியது.

கேட்கப் போகிறீர்கள் என்றால் ஆல்பத்தின் நடுவில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே பாட்டு முடிந்த வேகத்தில் அடுத்தது தொடங்கிவிடும். தனியாகப் போட்டுக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் என்றால் தொடக்கத்தில் வால்யூமை ஏற்ற வேண்டாம், நான் பட்டது போதும்.